டேப்பட் சத்தம் கேக்குதா? கேக்கட்டும் விடுங்க

இந்த தடவை வந்ததுல முக்காவாசி சின்ன ஜெனரேட்டர் டேப்பட் கேள்விதான், அதாவது வால்வு தண்டு நுனிக்கும் அதை தள்ளுற பாகத்துக்கும் நடுவுல விடுற இடைவெளி, நாங்க கேப்னு சொல்றது. எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு: எஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் கேஜை (அந்த இடைவெளியை அளக்குற மெல்லிசு தகடு) கையில எடுக்கணும், பிளக் மேல மாட்டியிருக்குற மூடியை கழட்டி வச்சுட்டு.

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகல. வால்வு கேப் எவ்ளோ வைக்கணும்?

எந்த எஞ்சின்னு சொல்லாம கேட்டா நான் என்னத்த சொல்ல சார்? ஹோண்டா ஜிஎக்ஸ்160, 200ன்னா இன்லெட் (காத்தும் பெட்ரோலும் உள்ள வர்ற வால்வு) 0.15, எக்சாஸ்ட் (புகை வெளிய போற வால்வு) 0.20 மில்லிமீட்டர். மத்ததுக்கு மேனுவல் பாருங்க. அதுக்கு முன்னாடி பெட்ரோல், பிளக், முக்கியமா ஆயில் லெவல் பாருங்க, ஆயில் கம்மியானா சென்சாரே ஸ்பார்க்கை கட் பண்ணிடும், டேப்பட்ல கை வைக்க வேண்டிய வேலையே இருக்காது.

எக்சாஸ்ட்டுக்கு மட்டும் ஏன் கேப் அதிகம்?

அது ரொம்ப சூடாகும், வால்வு தண்டு அதிகமா நீளும். அவ்ளோதான்.

டிக் டிக்னு சத்தம் வந்துச்சு. மெக்கானிக் சூட்டோட சூடா கவரை கழட்டி, காதால கேட்டே டைட் வச்சு சத்தத்தை நிறுத்திட்டார். இப்ப லோடு இழுக்கல, ஓடி நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட்டும் ஆகல.

எத்தனை தடவைதான் எழுதுறது! அந்த லேசான டிக் டிக்தான் கேப் இருக்குங்கறதுக்கே அடையாளம், அதை நோய்னு நெனச்சு வைத்தியம் பாக்குறாங்க. கேப் இல்லன்னா சூடேறி தண்டு நீளும்போது வால்வு சீட்ல (அது மூடி உக்காருற வளையம்) முழுசா உக்காராது, கம்ப்ரஷன் (சிலிண்டர்ல அமுங்குற காத்து) லீக் ஆகும், அதான் காலையில ஸ்டார்ட் ஆகுற வண்டி அரை மணி ஓட்டி நிறுத்தினா எடுக்க மாட்டேங்குது. அதோட போனா பரவால்ல. எக்சாஸ்ட் வால்வோட சூடு பெரும்பாலும் சீட்ல ஒட்டி உக்காரும்போதுதான் ஹெட்டுக்கு இறங்கும், உக்காரவே விடலன்னா ஓரம் கருகி தின்னுடும், அப்புறம் ஹெட்டை இறக்கி வால்வு மாத்தணும். இதுல இன்னொண்ணு, ஓட ஓட வால்வு சீட்டுக்குள்ள இறங்கி கேப் தானாவே குறையும், அதனால ரொம்ப நாள் சத்தம் போட்ட எஞ்சின் திடீர்னு அமைதியாச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, அப்பதான் கேஜ் போட்டு பாக்கணும். கட கடன்னு அடிச்சா அது வேற, கேப் ஜாஸ்தி, அதையும் கேஜ் வச்சுதான் சரி பண்ணணும், காதை வச்சு இல்ல. உங்க எஞ்சினை ராத்திரி முழுக்க ஆற விட்டு முதல்லேருந்து வைங்க. லக் இருந்தா வால்வு தப்பிச்சிருக்கும்.

எக்சாஸ்ட்ல கேஜே நுழையல. லூஸ் பண்ணி வச்சேன், இப்ப கயிறு இழுத்தா கையை உதறுது.

தப்பான இடத்துல அளந்திருக்கீங்க. நிறைய எஞ்சின்ல கேம்ல (வால்வை திறக்க வைக்கிற சுழலுற பாகம்) டீகம்ப்ரஷன் இருக்கு, கயிறு இழுக்கும்போது எக்சாஸ்ட்டை கொஞ்சமா தூக்கி பிடிக்கும். அது தூக்கி இருக்கும்போது அளந்தா டைட்டா தெரியும், நீங்க லூஸ் பண்ணிட்டீங்க, இப்ப அந்த குட்டி தூக்கல் முழுக்க கேப்லயே கரைஞ்சு போகுது, முழு கம்ப்ரஷனும் கைக்கு வருது. பிளக்கை கழட்டி ஓட்டையில விரல் வச்சு மெதுவா இழுங்க, காத்து தள்ளுச்சுன்னா கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். டிடிசி (பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்) வந்ததும் ரெண்டு ராக்கரையும் (வால்வை அமுக்குற கை) ஆட்டி பாருங்க, ரெண்டும் ஃப்ரீயா ஆடணும். சில எஞ்சினுக்கு டிடிசி தாண்டி பிஸ்டன் கால் இன்ச் இறங்கின பிறகு அளக்கச் சொல்லுவாங்க, மேனுவல்ல போட்டிருக்கும்.

கரெக்டா வச்சு லாக் நட் டைட் பண்ணா கேப் மாறிடுது.

மாறும். அட்ஜஸ்டரை ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டு லாக் பண்ணுங்க, அப்புறம் திரும்ப அளங்க. கேஜ் லேசா உரசிக்கிட்டு வரணும், பிடுங்கி எடுக்கக் கூடாது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாக்கணும்?

பொதுவா ஒரு 300 மணி நேரம், இல்ல வருஷத்துக்கு ஒரு தடவை. கேஸ்ல ஓட்டுறவங்க இன்னும் சீக்கிரமா பாருங்க, சீட் தேயுறது அதுல ஜாஸ்தி. ஆறின எஞ்சின்ல, ஞாபகம் இருக்கட்டும்.

லோடு இல்லாதப்ப ஓட்டம் ஏறி ஏறி இறங்குது, டேப்பட்டா?

இல்ல. முதல்ல கார்புரேட்டர் ஸ்லோ ஜெட்டை (லோடு இல்லாதப்ப பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) கிளீன் பண்ணுங்க.

பழைய எஞ்சின், வால்வு சிலிண்டர் பக்கத்துலயே இருக்கு, அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூவே காணோம்.

சைடு வால்வு. அதுல பெரும்பாலும் ஸ்க்ரூ வராது, கேப் கம்மியானா வால்வை வெளிய எடுத்து தண்டு நுனியை கிரைண்ட் பண்ணித்தான் ஏத்தணும். கொஞ்சம் அதிகமா தேச்சுட்டா அந்த வால்வு போச்சு, அதனால வீட்ல அரம் எடுத்து தேய்க்காதீங்க, லேத்ல குடுங்க.