வியாழக்கிழமை என்ன நடந்தது?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுகிறேன். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் ஆராய்ச்சி, படைப்பாற்றல், சேவை என்று மூன்று பிரிவுகளில் சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டும். இந்த ஆண்டு சேவைப் பிரிவில் என் பெயர் வந்திருக்கிறது. அடுத்த மாதம் விழா.

ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. விண்ணப்பத்தை நானேதான் எழுதினேன். என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) கலந்துகொண்ட பதினான்கு நிகழ்ச்சிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஜியோடேக் போட்டோ இணைத்தேன். அப்பா தறி ஓட்டுகிறார். விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டு, "செஞ்சதச் சொல்லிக் காட்டுனா அது சேவையாப்பா?" என்று கேட்டார். ஆராய்ச்சிப் பிரிவில் விருது வாங்கப்போகும் நண்பர்கள், சேவைப் பிரிவு என்பதே ஆறுதல் பரிசுதான் என்கிறார்கள். தன்னைப் பற்றித் தானே எழுதி விருது வாங்குவது சரியா? இதற்கு உண்மையில் மதிப்பு உண்டா? பிஎச்.டி. சேர்க்கைக்கு உதவுமா?

நான் எழுதியது பெரும்பாலும் மரம் நடுதல், ரத்ததானம், பேரணிதான். ஒரு ஊரில் மாலை வகுப்பும் ஒன்றரை வருடம் எடுத்தோம். வியாழக்கிழமை சந்தை என்பதால் பிள்ளைகள் வர மாட்டார்கள். அன்றைக்கு நாங்களே சந்தைக்குப் போய்விடுவோம். வகுப்பில் கழித்தல் வராத பிள்ளைகள் அங்கே மீதிச் சில்லறை சரியாகக் கொடுப்பார்கள். அதையும் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு மாணவன்

*

அன்புள்ள தம்பி,

முதலில் வாழ்த்து. விழாவுக்குப் போங்கள். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். பிஎச்.டி. சேர்க்கை விஷயத்தை உங்கள் துறைத் தலைவரிடம் கேளுங்கள், அது எனக்குத் தெரிந்த உலகம் இல்லை. ஆறுதல் பரிசு என்று சொல்கிற நண்பர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்பா கேட்டதுதான் கேள்வி. அதற்கு என் பதில்: சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். 1913 ஜனவரி 16 அன்று கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வதில்தான் தொடங்குகிறது. சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டுதான், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. தன்னைப் பற்றி அவ்வளவுதான், சில வரிகள். பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நூறுக்கும் மேல். அந்தக் கடிதத்தைத் தற்பெருமை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆள் கொஞ்சமாகவும் வேலை நிறையவும் இருக்கிற கடிதம் அது.

அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குச் செய்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவர்களைப் பாராட்டுவது பற்றி யார் பேசினாலும் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். அவர் எஃப்.ஏ., அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வு, தேறாதவர். ஆராய்ச்சி உதவித்தொகை வேண்டுமென்றால் முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் அந்த விதியை ஒதுக்கிவைத்துவிட்டு, மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு என்று முடிவு செய்தது. துறைமுகத்தில் அவர் வாங்கிக்கொண்டிருந்தது 30 ரூபாய். உதவித்தொகைக்கு ஒரே நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன செய்தாய் என்று அறிக்கை கொடு. ஆபீசுக்குப் போகாதே, உட்கார்ந்து கணக்கைப் போடு, போட்டதைக் கொண்டுவந்து காட்டு என்று ஒரு பல்கலைக்கழகம் ஓர் இளைஞனிடம் சொல்லியிருக்கிறது. கொண்டுவந்து காட்டு என்றால், நாங்கள் பார்ப்போம் என்று அர்த்தம்.

உங்களிடம் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் என்ன கொண்டுபோய்க் காட்டினீர்கள்? பதினான்கு போட்டோ. ஒவ்வொன்றின் மூலையிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம். அந்த இடத்தில் அந்த நேரத்தில் நின்றீர்கள் என்பதற்குச் சாட்சி சரி, நின்று என்ன பார்த்தீர்கள்? நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எங்காவது எழுதினீர்களா? கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்கிற நாக் குழு வரும்போது கோப்பில் இருக்க வேண்டும் என்று கல்லூரிகள் இந்தப் படங்களைத் துரத்துவது எனக்குத் தெரியும். கல்லூரிக்குக் கோப்பு வேண்டும். உங்களுக்கு எதற்கு? கணிதம் படிக்கிற பிள்ளை நீங்கள். எண்ணத் தெரிந்தவர். எண்ணாமல் விட்டுவிட்டுப் படம் எடுத்திருக்கிறீர்களே!

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் என் கல்லூரித் தோழியைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். உங்கள் கடிதம் அதற்கு நடுவில் வந்தது.

1988 டிசம்பர். நாங்கள் இருவரும் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம், ஏழு நாள், அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் தங்கல். காலையில் தெருக் கூட்டுவோம், மண்ரோடு போடுவோம். சாயங்காலம் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை. நிறைவு நாளுக்கு வில்லுப்பாட்டு எழுதுகிற பொறுப்பு எனக்கு.

மூன்றாம் நாளிலிருந்து அவள் மதியச் சாப்பாடு முடிந்ததும் காணாமல் போவாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு முன்பல்லில் காவி பூசினாற்போலப் பழுப்புக் கறை. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதை எல்லோரும்தான் பார்த்தோம். பல் துலக்குவதில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டோம். அவள் ஒருத்திதான் ஒவ்வொரு தாயிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "குடிக்கத் தண்ணி எங்கேருந்து எடுக்கறீங்க?" ஊர்க் கிணறு, தோட்டத்துக் கிணறு, பஞ்சாயத்து போட்டுக்கொடுத்த அடிபம்பு, மூன்றில் ஒன்று. நோட்டில் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டாள். கறைப் பல் பிள்ளைகள் இருந்த வீடுகள் முக்கால்வாசி அடிபம்புப் பத்தியில் போய் உட்கார்ந்தன.

அதை எடுத்துக்கொண்டு போய்த் திட்ட அலுவலரிடம் காட்டினாள். நோட்டைக் கையில் வாங்கவில்லை. "நாம வந்தது சர்வீஸ் பண்ண, ரிசர்ச் பண்ண இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நிறைவு நாள் மேடை. நான் வில்லடிக்கிறேன், அவள் பின்பாட்டு. நான் எழுதியிருந்த வரிகள் இப்படிப் போகும்:

"கெணத்துத் தண்ணி கலங்கல் தண்ணி..." "ஆமா!"
"அடிபம்புத் தண்ணி அமுதத் தண்ணி..."

இரண்டாவது வரிக்கு 'ஆமா' வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தாளத்தைக் கெடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். ஊர் கைதட்டியது. சிறந்த தொண்டர் என்று என் பெயரைப் பொறித்து ஓர் எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். அந்தத் தட்டில் நான் வருடக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன்.

அவள் சந்தேகப்பட்டது என்ன என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு என்கிற உப்பு இருந்தால், பல் முளைக்கிற வயதில் அதைக் குடிக்கிற பிள்ளைகளுக்குக் கறை விழும். இன்னும் அதிகமாகி, வருடக்கணக்கில் உள்ளே போனால் எலும்பும் மூட்டும் இறுகும். கடும்பாறைப் பூமியில் பல இடங்களில், ஆழத்திலிருந்து ஏற்றுகிற தண்ணீரில் அது கூடுதலாக இருக்கும். இது புதிய செய்தியும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தைப் பற்றி மருத்துவர்கள் 1937-லேயே எழுதிவிட்டார்கள். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது இந்தப் பல், எலும்புப் பாதிப்பின் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. எங்கள் முகாமுக்கும் அதற்கும் நடுவில் 25 வருடம். அந்த ஊர் அடிபம்புத் தண்ணீரை யாரும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சோதிக்கச் சொல்லி நீட்டியிருக்கக்கூடிய ஒரே காகிதம் அவள் நோட்டுதான்.

இப்போது சொல்லுங்கள், அவளை உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பிரிவில் போடும்? வீடு வீடாகப் போனது சேவை. பத்தி பிரித்து எழுதியது ஆராய்ச்சி. எல்லோரும் பல்லைப் பார்த்தபோது அவள் தண்ணீரைப் பார்த்தாளே, அதற்குப் பெயர் என்ன? அதைவிடப் பெரிய படைப்பாற்றலை நான் என் எழுத்துலகத்தில் அதிகம் கண்டதில்லை. நான் எதுகை மோனையோடு எழுதிய பாட்டைப் படைப்பாற்றல் என்றார்கள். அது ஊரைப் பார்க்காமல் எழுதிய பாட்டு. முகாம் கையேட்டில் இருந்ததை மெட்டுக் கட்டியிருந்தேன், வேறொன்றும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் மூன்று கட்டம் போடுவது அச்சடிக்கிறவர்களின் வசதிக்காக. அந்தக் கட்டங்களைப் பிள்ளைகள் மனசுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஆராய்ச்சி என்றால் ஆய்வகம், சேவை என்றால் துடைப்பம், படைப்பு என்றால் மேடை. நடுவில் ஒரு பெண் நோட்டோடு நின்றால், அவளை வைக்க இடமில்லை.

அரைமணி நேரம் யாராவது அவளோடு உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு மாணவரோடு அப்படி உட்கார்ந்த ஒருவரைச் சொல்கிறேன். 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தபோது, அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார் ஒரு பிரசிடென்சி கல்லூரி மாணவர். அவர்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர். நீ படித்து வைத்திருக்கிற இயற்பியல் பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டு ஒளிக்காமல் சொன்னார். சொன்னதோடு விடாமல், அப்போது அச்சேறாதிருந்த தன் கட்டுரையின் புரூஃபை, அதாவது திருத்தம் பார்க்கிற அச்சுப்படியை, கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டு அந்தப் பையனின் கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. வயது 18. எனக்குத் தெரிந்து ஒரு மாணவருக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை அந்தப் புரூஃப்தான்.

என் தோழி இப்போது பள்ளி ஆசிரியை, ஓய்வுபெறச் சில வருடங்கள் இருக்கின்றன. போன மாதம் பேச்சுவாக்கில் அந்த நோட்டைப் பற்றிக் கேட்டேன். உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வீடு மாறியும் தூக்கிப்போடவில்லை. 43 வீடு. 42-க்கு எதிரே எல்லாம் எழுதியிருக்கிறது. 43-ல் வீட்டுக்காரர் பெயர் மட்டும் இருக்கிறது, தண்ணீர்ப் பத்தி காலி. "இது ஏன் விட்டுட்டே?" என்று கேட்டேன். "நீதானே ஒத்திகைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். ஒரு வரி சேர்த்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்களுடைய நோட்டு. வகுப்பில் கழித்தல் வராத பிள்ளை சந்தையில் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுக்கிறது. இது எத்தனை பெரிய விஷயம் என்று கணிதம் படிக்கிற உங்களுக்குத் தெரியவில்லையா? பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஐந்தே பிள்ளைகளை வைத்து மூன்று ஆய்வாளர்கள் இதைத்தான் பார்த்தார்கள். 1985-ல் கட்டுரை வெளிவந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாக்கிக் கொடுத்தபோது 37. நம் நாட்டில் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையே பெரிய அளவில் செய்து பார்த்து, 2025-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். சந்தைப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகக் கணக்கு தடுமாறியது. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு தடுமாறியது. உங்கள் கையில் ஒன்றரை வருடத்து வியாழக்கிழமைகள் இருந்திருக்கின்றன. அதை ஒரு வரியில் முடித்துவிட்டு, பேரணிக்குப் படம் ஒட்டினீர்கள்.

விழா முடியட்டும், அவசரமில்லை. பிறகு உட்கார்ந்து எனக்கு எழுதுங்கள். எந்தெந்தப் பிள்ளைகள், என்ன வயது, தக்காளியா, கொத்தமல்லியா, யாருடைய கடையில் நின்றார்கள்? ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதியை எப்படி எண்ணினார்கள்? நம்மைப் போல மேலிருந்து கழித்தார்களா, விலையிலிருந்து ஏறிக்கொண்டே போய் ஐம்பதைத் தொட்டார்களா? உங்களோடு வகுப்பெடுத்தவர்களையும் கேட்டு எழுதுங்கள். மறந்துபோயிருந்தால் அடுத்த வியாழக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எத்தனை பக்கம் வந்தாலும் படிப்பேன். என் தோழியிடமும் கொடுக்கிறேன், அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

அன்புடன்,
அம்மா