வெடி வைக்கிற வேலையா என்று பயப்படும் அம்மாவுக்கு

அம்மா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் எதிரில் உட்கார்ந்ததும் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “வெடி வைக்கிற வேலையாமே, என் பிள்ளை முழுசா திரும்பி வருவானா சார்?” என்றுதான் கேட்டீர்கள். ராணுவத்தில் சேர நினைக்கும் உங்கள் பிள்ளை பக்கத்திலேயே இருந்ததால் அன்று பாதிதான் பேசினேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி நீங்கள் தினமும் கடந்து போகிற ராணுவ வளாகம்தான் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் பயிற்சி மையம். 1780இல் மதராஸில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. அங்குள்ள சிப்பாய்க்கு ‘சாப்பர்’ என்று பெயர். ராணுவம் முழுக்க அவர்களைக் கூப்பிடுவது ‘தம்பி’ என்று, நம்முடைய தமிழ் வார்த்தையால்.

வெடி அவர்கள் வேலையில் ஒரு பங்குதான். பாலம் போடுவது, பாதை அமைப்பது, ஆற்றைக் கடக்க வழி செய்வது, குடிநீர் ஏற்பாடு, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை அகற்றுவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது சூரல்மலையில் இரும்புச் சட்டங்களைப் பூட்டி எழுப்பும் 190 அடி பெய்லி பாலத்தைப் போட்டவர்கள் இந்த அல்சூர் தம்பிகள்தான். மழையில் இரவும் பகலும் நின்று ஆகஸ்ட் 1ஆம் தேதி முடித்தார்கள். அங்கே முன்னின்ற அதிகாரிகளில் ஒருவர் மேஜர் சீதா ஷெல்கே என்ற பெண். உங்கள் சின்ன மகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சரி, வெடிமருந்துக்கு வருகிறேன். என் சித்தப்பா அந்தப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லித்தான் எனக்கு இந்தப் பயிற்சியின் சுபாவம் புரிந்தது. பையன் கையில் முதல் நாளே உண்மையான மருந்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் அடிப்படை ராணுவப் பயிற்சி. அப்புறம் பொம்மை மருந்து, பொம்மை டெட்டனேட்டர் (மருந்தை வெடிக்க வைக்கும் சின்னக் குப்பி). கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் வரிசை மாறாத அளவுக்குக் கை பழகிய பிறகுதான் நிஜம். மருந்தும் டெட்டனேட்டரும் ஒரே பெட்டியில் போகாது. திரியில் ஒரு துண்டை வெட்டி எரித்து, எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்க்காமல் அந்தச் சுருளைத் தொடமாட்டார்கள். பற்றவைத்தவன் ஓடக் கூடாது, நடந்துதான் வர வேண்டும். ஓடுகிறவன் தடுக்கி விழுவான். வெடிக்கவில்லை என்றால் உடனே எட்டிப் பார்க்கக் கூடாது. காத்திருந்து, ஒரே ஒருவர் மட்டும் போக வேண்டும். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் சித்தப்பா வீட்டில் தீப்பெட்டி ஒரு அலமாரியில், மண்ணெண்ணெய் வேறொரு அலமாரியில்தான்.

மனிதனை வெடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் முக்கால் பங்கு அறிவு. நம் ஊர்ப் பெயரால் உலகத்துக்கே தெரிந்த ‘பெங்களூர் டார்பிடோ’ 1912இல் இந்தப் படையில் பணியாற்றிய மெக்லின்டாக் என்ற அதிகாரி கண்டுபிடித்தது. மருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளுவார்கள். தள்ளுகிறவன் மறைவிலேயே இருக்கலாம்.

ஆபத்தே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த, இதே படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடியின் மேல் தன் உடம்பைப் போட்டு உயிர் விட்டார். வீரத்துக்கு பிரிட்டிஷ் அரசு தரும் ஜார்ஜ் கிராஸ் விருது அவர் இறந்த பிறகு வந்தது. போர்க்களத்தில் எந்தப் பயிற்சியும் முழுக் காப்பு தராது. இதைத் தெரிந்துகொண்டே நீங்களும் உங்கள் பிள்ளையும் முடிவெடுக்க வேண்டும்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பையன் தைரியசாலியா என்பதை விட, பொறுமைசாலியா? சொன்ன வேலையைச் சொன்ன வரிசையில் செய்கிறானா? தப்பு செய்தால் மறைக்காமல் வந்து சொல்கிறானா? வேகத்தில் பைக் ஓட்டிக் காட்டுகிற பையன் என்றால் எனக்குத் தயக்கம் வரும். உங்கள் பிள்ளை சைக்கிள் செயினைக் கழற்றி ஒவ்வொரு திருகையும் வரிசையாகக் காகிதத்தில் அடுக்கி வைப்பான் என்றீர்களே, அது எனக்குப் பிடித்திருந்தது.

வழிகள் இரண்டு. பி.யு.சி. இரண்டாம் ஆண்டில் (பன்னிரண்டாம் வகுப்பு) இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்து ஜே.இ.இ. மெயின் என்ற எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வை எழுதியிருந்தால் தொழில்நுட்ப நுழைவுத் திட்டத்தில் அதிகாரியாகப் போக விண்ணப்பிக்கலாம். எஞ்சினியரிங் பட்டமும் அங்கேயே கிடைக்கும். என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வையும் சேர்த்து எழுதட்டும். இரண்டுக்கும் 19½ வயதுக்கு மேல் வழியில்லை, அதனால் முதல் முயற்சி இதில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வழி அக்னிவீர், அதாவது சிப்பாயாகச் சேர்வது. நாலு வருடம்தான். அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். வெளியே வருகிறவருக்குச் சுமார் 10 லட்சம் ரூபாய் ‘சேவை நிதி’ என்று மொத்தமாகக் கிடைக்கும். வீட்டு வாசலிலேயே சாப்பர் ஆகிவிடலாம் என்று தம்பி நினைக்கிறான். எந்தப் படை என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும், அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

“உள்ளே ஆள் இருக்கிறார், பணம் கொடுங்கள்” என்று ஒருவர் வந்ததாகச் சொன்னீர்கள். பத்து பைசா கொடுக்காதீர்கள். எழுத்துத் தேர்வு கணினியில், ஓட்டம் கடிகாரத்தில். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண், அதை யாரும் விலைக்கு வாங்கித் தர முடியாது.

இப்போது செய்ய வேண்டியது, எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். நம் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றில் இனிஷியல் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். அதில் சிக்கிக்கொண்டு அலைந்த பிள்ளைகள் நிறைய. திருத்திக்கொண்டு, சனிக்கிழமை காலை தம்பியை அனுப்புங்கள். தனியாக வரட்டும்.