டேட்டா இல்லாத ஸ்மார்ட்போன் எதற்காகும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் வைஃபை இருக்கிறது. சிம்மில் பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், டேட்டா கிடையாது. வாசலைத் தாண்டினால் ஸ்மார்ட்போனால் என்ன பயன்?

பதில்: நிறையவே இருக்கிறது, ஆனால் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கேமரா, ரெக்கார்டர், மின்நூல் இவற்றுக்கு நெட்டே தேவையில்லை. கூகுள் டிரான்ஸ்லேட்டில் வேண்டிய மொழிகளை இறக்கி வைத்தால் வெளியிலும் மொழிபெயர்க்கும். கிவிக்ஸ் செயலியில் விக்கிப்பீடியாவையே இறக்கிக்கொள்ளலாம். இப்படிப் பெரிய கோப்புகளை இறக்கும்போது பலர் தடுக்கி விழுவது மெமரி கார்டில்தான். எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த கார்டு, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றினால் கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்; முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாளே ஃபிளைட் மோடு போட்டு, ஒவ்வொரு செயலியையும் திறந்து பாருங்கள். ஃபிளைட் மோடு போட்டும் சில போன்களில் வைஃபை அணையாது; அதையும் கையால் அணையுங்கள். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். இறங்கிவிட்டது என்று நாம் நம்பிய கோப்பு பாதியில் நின்றிருப்பது இப்போதுதான் தெரியும்.

கேள்வி: ஜி.பி.எஸ்.ஸுக்கு நெட் வேண்டாம் என்கிறார்கள். எனக்கோ மேப்பில் நீலப் புள்ளி வரவே வெகு நேரமாகிறது. போனில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. போன் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்கிறது, அவ்வளவுதான். பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதனால் நெட் வேண்டாம் என்பது சரி. ஆனால் எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் நெட் இருந்தால் நொடியில் வந்துவிடும். இல்லாவிட்டால் கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அது நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வருகிறது. ஒரு கோள் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க 30 நொடி சுற்று ஒன்று தேவை. நடுவில் கட்டடமோ பஸ்ஸின் கூரையோ மறைத்தால் விட்டுப்போன பகுதிக்காக அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். இடத்தைச் சரியாகக் கணிக்க 4 கோள்களாவது வேண்டும். ஆகவே வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். இன்னும் நல்ல வழி, வீட்டு வைஃபையில் இருக்கும்போதே மேப்பைத் திறந்து புள்ளி வந்த பிறகு கிளம்புவது. அப்போது வாங்கிய கோள் விவரம் ஓரிரு மணி நேரம் தாங்கும்.

வரைபடம் தனி விஷயம். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ் பகுதிக்குப் போய், கட்டத்தை வேண்டிய ஊர்மேல் பொருத்தி டவுன்லோட் செய்யுங்கள். நெட் இல்லாதபோது இது வண்டி ஓட்டும் வழியை மட்டுமே காட்டும். நடக்கும் வழி, பஸ் விவரம், போக்குவரத்து நெரிசல் வராது. இறக்கிய வரைபடத்துக்குக் காலாவதியும் உண்டு, அவ்வப்போது புதுப்பியுங்கள். நடந்து போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலி.

கேள்வி: டேட்டாவை அணைத்தால் போன் கால் வருமா?

பதில்: வரும். 4ஜி-யிலும் பேச்சுக்குத் தனிப் பாதை இருக்கிறது. படத்தோடு வரும் எம்.எம்.எஸ். மட்டும் தடைபடலாம்.

கேள்வி: வெளியே இருக்கும்போது வரும் வாட்ஸ்அப் செய்திகள் தொலைந்துவிடுமா?

பதில்: 30 நாள்வரை சர்வரில் காத்திருக்கும், வைஃபை கிடைத்ததும் வந்து சேரும். அதுவரை அனுப்பியவருக்கு ஒற்றை டிக்தான். அவசரம் என்றால் எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லி வையுங்கள். ஆனால் கூகுள் மெசேஜஸில் ஆர்.சி.எஸ். (நெட் வழியே செய்தி அனுப்பும் முறை) இயங்கினால், எஸ்.எம்.எஸ். என்று நினைத்து அனுப்பியதும் நெட்டுக்காகக் காத்துக் கிடக்கக்கூடும். அமைப்புகளில் ஆர்.சி.எஸ். சாட்ஸை அணைத்துவிடுங்கள். ஐபோனில் ஐமெசேஜுக்கும் இதே கதைதான்.

கேள்வி: கணக்குகளில் நுழைய ஆறு இலக்க எண் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி?

பதில்: நெட் இல்லாமலே வேலை செய்யும். செயலியில் இருக்கும் ரகசிய எண்ணையும் போனின் கடிகாரத்தையும் வைத்து 30 நொடிக்கு ஒருமுறை அது புது எண்ணைக் கணக்கிடுகிறது. எண் ஏற்கப்படவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடம் பிசகினாலே எண் தவறாகிவிடும். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் வசதியை இயக்கி வையுங்கள்.