நல்ல தண்ணீர் என்ற சொல்

அன்புள்ள ஐயாவுக்கு,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் நிலத்தடி நீர் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் ஊர் உரும்பிராய். அப்பா வெங்காயமும் புகையிலையும் செய்பவர். நான் புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று, இப்போது தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன். சுற்றாடல் தொடர்பாடலும் இயற்கை வள முகாமைத்துவமும் இணையும் துறையில் மேற்படிப்பை மேற்கொண்டு, அதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். இதைக் கேட்ட மூத்த விரிவுரையாளர் ஒருவர், "அது விஞ்ஞானமும் இல்லை, ஊடகமும் இல்லை, நிரந்தர நியமனத்துக்கு விளம்பரம் வரும்போது எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பீர்?" என்றார். அப்பாவோ, "தண்ணியைப் பற்றிக் கதைக்கிறதுக்கும் ஒரு பட்டமோ?" என்று கேட்கிறார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. பேசாமல் நீரியலையே படித்துவிடலாமா? வெளிநாடு போகத்தான் வேண்டுமா? சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமும் தயாரிப்பதற்கு மேல் இத்துறையில் என்ன இருக்கிறது?

ம.
உரும்பிராய்


அன்புள்ள ம. அவர்களுக்கு,

அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இத்துறைக்குள் நான் வந்து சேர்ந்ததும் ஏறத்தாழ அதே கேள்வியின் வழியாகத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்தின் ஒரு கிராமத்தில் கிணற்று நீர் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை வீடு வீடாகக் கொடுத்து விளக்கும் குழுவில் இருந்தேன். ஆங்கிலத்தில் எழுதிப் பின்னர் தமிழாக்கப்பட்ட பிரசுரம் அது. நைத்திரேற்றுச் செறிவு விதந்துரைக்கப்பட்ட மட்டத்தைத் தாண்டியுள்ளது என்று அதில் இருந்தது. ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நல்ல தண்ணிக் கிணறு தம்பி. எங்கட ஐயா காலத்திலயிருந்து ஊரே வந்து அள்ளுற கிணறு" என்றார். நாங்கள் சொன்னதை அவர் விளங்கிக்கொள்ளவில்லை என்றே அன்று குறித்துக்கொண்டேன். விளங்கிக்கொள்ளாதவன் நான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் 'நல்ல தண்ணீர்' என்பது உவர்த் தண்ணீருக்கு எதிர்ச்சொல். நாக்கை அளவுகோலாக வைத்து எத்தனையோ தலைமுறைகள் செய்துவந்த வகைப்படுத்தல் அது; கடல் சூழ்ந்த குடாநாட்டில் அதைவிடப் பயனுள்ள வகைப்படுத்தல் வேறு இருந்திருக்க முடியாது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. தோட்டத்துக்கு இடும் பசளையிலிருந்தும், சுண்ணக்கல்லில் வெட்டிய மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது கிணற்றுக்கு வந்து சேரும்போது, நாக்கு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்திருக்கும் எல்லை, முதன்மையாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளைக் கருதி வைக்கப்பட்டது. ஆனால் எங்கள் வீடுகளில் கைக்குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுப்பார்கள். நெருப்புக்காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் எதிராகச் சுகாதாரப் பரிசோதகர்கள் பல்லாண்டு உழைத்து ஊன்றிய நல்ல பழக்கம் அது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று அகலாது. நீர் ஆவியாகக் குறையும்போது செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆக, சுவை கூறும் சாட்சியும் பழைய சுகாதாரப் போதனை கூறும் சாட்சியும் சேர்ந்து ஒரு தாய்க்கு நிம்மதியைத் தரும் இடத்தில், எங்கள் பிரசுரம் ஓர் இலக்கத்தை மட்டும் நீட்டியது.

அந்த இடைவெளியை ஆராய்வதற்குத்தான் பட்டம். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். மக்களுக்குத் தகவல் போதாது, தகவலை ஊற்றினால் நடத்தை மாறிவிடும் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலான திட்டங்கள் இன்றும் தொடங்குகின்றன. சுவரொட்டியோடு நின்றுவிடும் வேலையும் அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கிறது. ஒரு வளத்தை மக்கள் எந்தச் சொற்களால் அறிந்திருக்கிறார்கள், அவர்களுடைய அறிவு எங்கே சரியாக இருக்கிறது, எங்கே புதிய ஆபத்து அந்தச் சொற்களுக்கு வெளியே நிற்கிறது, முடிவெடுக்கும் அதிகாரியின் மொழி எங்கே மக்களை வெளியே தள்ளுகிறது என்பவற்றை முறைப்படி கற்பது ஆயுள் முழுவதும் செய்தாலும் தீராத வேலை.

துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றாடல் தொடர்பாடலுக்கென்றே ஓர் ஆய்விதழ் 2007 இல் தொடங்கியது. அமெரிக்க அறிஞர் ரொபேர்ட் கொக்ஸ் அவ்வாண்டில் இதனை ஒரு நெருக்கடிகாலத் துறை என்று வாதிட்டார். ஆபத்தைப் பற்றிச் சமூகம் பேசும் ஆற்றலே குன்றும்போது, அதைச் சுட்டிக்காட்டும் கடமை ஆய்வாளருக்கு உண்டு என்பது அவருடைய நிலைப்பாட்டின் சாரம். 2011 இல் சர்வதேசச் சங்கம் ஒன்றும் அமைந்தது. சுவீடனின் உப்சாலாவிலுள்ள விவசாய விஞ்ஞானப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இது முதுகலைப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. வள முகாமைத்துவத்தின் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு, பொதுவளங்களை மக்களே கூடி நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009 இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் தவிர்க்க முடியாதவர்.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது உப்சாலாவை அல்ல, கல்லோயாவை. 1980 களின் தொடக்கத்தில் கிழக்கிலங்கையின் கல்லோயா இடதுகரை நீர்ப்பாசனத் திட்டத்தில் வாய்க்கால்கள் சிதைந்து கிடந்தன. கடைமடைக்குத் தண்ணீர் போவதே அரிதாக இருந்தது. கொழும்பிலிருந்த கமத்தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக அங்கே அனுப்பின. அவர்கள் கமக்காரர்களிடையே தங்கியிருந்து, வயல் வாய்க்கால் மட்டத்தில் பேச வைத்து, கேட்டு, சிறு குழுக்கள் உருவாகத் துணைநின்றார்கள். தலைமடையில் இருந்த சிங்களக் கமக்காரர்கள் கடைமடைத் தமிழ்க் கமக்காரர்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்ததை, அத்திட்டத்தில் பணியாற்றிய நோர்மன் அப்ஹொஃப் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பட்டதாரிகளில் எவரும் தம் வேலையைச் சுற்றாடல் தொடர்பாடல் என்று அழைத்திருக்கமாட்டார்கள். செய்தது அதுதான்.

இதற்கு மறுபக்கமாக இரணைமடுவை வையுங்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் அனுமதித்தபோது, இரணைமடுக் குளத்திலிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுவருவதே எண்ணம். குளத்தை நம்பிச் சிறுபோகம் செய்யும் கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். பிறகு திட்டம் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திரும்பியது. அதற்குக் கடற்றொழிலாளரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. இந்த நீண்ட வாதத்தில் ஒரு சொற்றொடரை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: "கடலுக்கு வீணாகப் போகும் தண்ணீர்". பொறியியலாளருக்கு அது மிகைநீர். ஆற்றுமுகத்தில் இறால் பிடிப்பவருக்கு அது வாழ்வாதாரம். 'வீண்' என்ற ஒரு சொல்லே ஒரு தரப்பைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. தாகத்தோடு இருந்தவர்களும் வயலோடு இருந்தவர்களும் ஒரே மொழி பேசுபவர்கள், பலர் உறவினர்கள். இருந்தும் ஒருவர் அச்சத்தை மற்றவர் தன் வாயால் சரியாகத் திருப்பிச் சொல்லக்கூடிய ஒரு கூட்டத்தை நான் பார்க்கவில்லை. எந்த முடிவு சரி என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. அந்தக் கருத்தைவிட, அப்படியொரு கூட்டம் நடந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குள் வலுவாக இருக்கிறது.

சுன்னாகத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; உங்கள் ஊருக்கு அருகில் நடந்தது. மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் ஒன்றோடொன்று முரண்பட்ட அறிக்கைகள் வந்தபோது, மக்கள் எல்லா அறிக்கைகளையுமே நம்பாமல் விட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. நம்பிக்கை இழப்புக்கு அப்படித் தொகை கணிக்க முடியாது.

நீரியலையே படித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வளத்தின் விஞ்ஞானத்தை, அறிக்கையை நீங்களே வாசித்து ஐயம் எழுப்பக்கூடிய அளவுக்கு, கட்டாயம் படியுங்கள். எங்கள் மயோசீன் காலச் சுண்ணக்கல்லில் மாரி மழை ஊறி, உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கோட்பாடு. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறக்கூடும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு கணக்கைத் தெரியாமல் நிலத்தடி நீர் பற்றிப் பேசுகிறவரை எந்த நீரியலாளரும் மதிக்கமாட்டார். மதிக்கத் தேவையும் இல்லை. அதேபோல், குடாநாட்டின் பழைய காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருப்பதையும், பங்குக்காரர் முறைவைத்து இறைத்ததையும், துலாவின் இடத்தை நீர்ப்பம்பி பிடித்த பின் அந்த முறை தளர்ந்ததையும் அறியாமல் பேசும் நீரியலாளரைத் தோட்டக்காரர் மதிப்பதில்லை. இரு பக்கத்தையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. ஆகவே உங்கள் மூத்த விரிவுரையாளர் குறை என்று சொன்னதை நான் தேவை என்று சொல்வேன்.

அவர் கேட்டதில் உண்மையும் உண்டு. அதை மறைத்தால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். இந்தப் பெயரில் பதவி விளம்பரம் வருவது அரிது. புவியியலாளராகவோ, விவசாய விரிவாக்கவியலாளராகவோ, ஊடகக் கற்கையாளராகவோதான் உள்ளே நுழைய முடியும். ஆகவே முதுமாணியைப் புவியியலிலிருந்து வெகுதூரம் விலகாமல் செய்து, கலாநிதி ஆய்வில் இத்துறையைக் கொண்டுவாருங்கள். பதவி உயர்வில் ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்குக் கிடைக்கும் பெறுமதி, ஒரு கிராமத்துக்குத் தமிழில் எழுதிக் கொடுத்த பத்துப் பக்கத்துக்குக் கிடைக்காது. இதை அநியாயம் என்றே நினைக்கிறேன். எனினும் இரண்டையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சட்டமே இவ்வேலைக்கு இடம் வைத்திருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தத்தின்படி, ஒரு திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றி மூன்று மொழிகளிலும் அறிவித்தல் வெளியிட வேண்டும்; பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களை அந்த 30 நாட்களுக்குள் வாசித்து, ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் திண்ணையில் அமர்ந்து பேசி, அவர்கள் சொன்னதை அதிகாரசபை தள்ளிவிட முடியாத வடிவில் எழுதிக் கொடுக்கக்கூடியவர் எத்தனை பேர் வடக்கில் இருக்கிறார்கள்? பல்கலைக்கழகத்தில் இடம் தாமதமானாலும், நீர் வழங்கல் சபைக்கும், கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்துக்கும் இத்தகையவர்கள் தேவை.

வெளிநாடு செல்ல வாய்ப்புக் கிடைத்தால் செல்லுங்கள். ஆனால் கேள்வியை இங்கிருந்து கொண்டுபோங்கள். அங்குள்ள கேள்விக்கு எங்கள் கிணறுகளைச் சான்றாகக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. இளமையில் ஒரு கிராமத்தின் கிணறுகளில் நீர் மாதிரி எடுத்தேன். கட்டுரை வெளியானது. முடிவுகளை அந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் வேறு அலுவலாக அங்கே போனபோது, ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, "அந்தப் போத்தல் தண்ணிக்கு என்ன வந்தது?" என்று கேட்டார். நான் மாதிரி எடுத்த காலத்தில் அந்த வீட்டில் தொட்டிலில் ஒரு குழந்தை இருந்தது. குழந்தை நலமாக வளர்ந்திருந்தது என்பது எனக்கு ஆறுதல். அதற்கு நான் எந்த விதத்திலும் காரணமில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் வரும் மாரியைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஊரில் பத்துக் கிணறுகளைத் தெரிவுசெய்து, ஐப்பசியிலிருந்து அடுத்த ஆவணி வரை வாரந்தோறும் நீர்மட்டத்தையும், ஒரு சிறு கருவியை இரவல் பெற்று, உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அளந்து எழுதுங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில், அன்று வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். முதலாவது கிணறு உங்கள் தோட்டக் கிணறாக இருக்கட்டும். எந்த ஆண்டுக் கோடையில் எத்தனை மணிநேரம் இறைத்த பின் உவர் தட்டியது என்று அப்பாவிடம் கேட்டு, அவர் சொல்வதை முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.