மூன்றாவது கை

அன்புள்ள ஐயா,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயிற்சி மருத்துவனாக இருக்கிறேன். எங்கள் துறையில் மாதம் ஒருமுறை மருத்துவ அறம் பற்றிக் கலந்துரையாடல் உண்டு. பேராசிரியர் பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம். சம்மதப் படிவமெல்லாம் ஒழுங்காக வாங்குகிறோம். ஆனால் மறுநாள் ரவுண்ட்ஸில் எல்லாம் பழையபடிதான். அறத்தை வகுப்பில் கற்பிக்க முடியுமா? மருத்துவர்கள் எடுக்கவேண்டியது கிரேக்க ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியா, ஆயுர்வேதச் சரகர் உறுதிமொழியா என்று நண்பர்களுக்குள் சண்டை வேறு.

க.

அன்புள்ள க.,

உறுதிமொழிச் சண்டையை விடுங்கள். 2022இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் சரகர் உறுதிமொழி எடுத்ததற்காக ஒரு டீனையே பதவியிலிருந்து எடுத்து, சில நாளில் திரும்ப உட்காரவைத்தார்கள். வார்டில் படுத்திருந்தவர்களுக்கு அதனால் ஒரு போர்வைகூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது. வகுப்பைப் பற்றியும் எனக்குப் பெரிய புகார் இல்லை. 2019 முதல் ஏட்காம் (மனப்பான்மை, அறம், நோயாளியிடம் பேசும் முறை) என்று பாடத்திட்டத்திலேயே வைத்துவிட்டார்கள். இல்லாததற்கு அது மேல்.

‘மறுநாள் ரவுண்ட்ஸில்’ என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

1991இல் அப்பாவை ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர். காலையில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் கட்டிலைச் சூழ்வார்கள். வேட்டியைத் தளர்த்துவதும் அவர்களே. ஸ்கிரீன் ஒன்று இருந்தது, சுவரோரமாக. ஒருநாள் ஒரு மாணவர் என் கையைப் பிடித்திழுத்து அப்பாவின் வயிற்று நடுவில் கத்தி வைப்பதுபோல் நிறுத்தி, “அமுக்கிப் பிடி” என்றார். ஒரு விலாப்பக்கம் சுண்டினார். மறுபக்கம் உள்ளங்கையை வைத்து அலை வருகிறதா என்று பார்த்தார். தோலும் கொழுப்பும் கடத்தும் அதிர்வை அந்த மூன்றாவது கை தடுத்துவிடும், உள்ளே இருக்கும் நீரின் அலை மட்டும் தாண்டி வரும். இதை எனக்கு ஒரு டாக்டர் நண்பர் சொன்னது பதினைந்து வருடம் கழித்து. அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எட்டுப் பேர் சுண்டினார்கள். ஒவ்வொரு சுண்டலுக்கும் அப்பாவின் வயிறு என் கைக்கடியில் இறுகியது. அவர்கள் பேசிய ஆங்கிலத்தில் ‘குட் கேஸ்’ மட்டும் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

படிவம் வாங்குகிறோம் என்கிறீர்கள். யாரைக் காப்பாற்ற வாங்குகிறீர்கள், தம்பி? சமீரா கோலி வழக்கைப் படித்திருப்பீர்கள். சோதித்துப் பார்க்கத்தான் மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் கிடக்கும்போதே, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. 44 வயதுப் பெண், கண் விழித்ததும் கேட்டிருக்கலாம். அம்மாவின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லவேண்டி வந்தது.

முதலாண்டில் பிணத்தின் முன் நின்று, மரியாதையோடு நடத்துவோம் என்று உறுதி எடுக்கிறீர்கள். நல்ல வழக்கம். எட்டாம் கட்டிலில் இருப்பவருக்குக் காது கேட்குமே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்க என்ன கேடு? “பாட்டி, நான் படிக்கிற பையன், வயித்தைத் தொட்டுப் பாக்கலாமா?” ஏழே சொல். வேண்டாமென்றால் மருந்து நின்றுவிடாது என்பதையும் நீங்களே சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்கள் பயப்படுவது அதற்குத்தான். இலவச வைத்தியத்துக்குக் கொடுக்கும் கூலி இது என்று நினைத்துக்கொண்டுதான் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். எழுதும்போதே கோபம் வருகிறது. உங்கள்மேல் இல்லை. கொஞ்சம் உங்கள்மேலும்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் மட்டும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, “ஐயா, கை வைக்கட்டுமா?” என்பான். பிறகு அப்பாவைப் பரீட்சைக்குக் கேஸாகக் கூட்டிப்போனார்கள். என்ன நோய் என்று யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சாயந்திரம் திரும்பிவந்து படுத்தவர், பக்கத்துக் கட்டிலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்:

“அந்தச் சூட்டுக்கைப் பையன் வந்தான்டா. சொல்லிட்டேன்.”