எம்75 ஆன்டிபாடி: ஆய்வக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கார்பன் டைஆக்சைடை நீரேற்றும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் 9 நொதியைக் கண்டறியப் பலரும் எம்75 ஆன்டிபாடியையே (குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பயன்படுத்துவது ஏன்?

மனித உடலில் இந்த நொதிக் குடும்பத்துக்குப் பல உறுப்பினர்கள் உண்டு. ஆனால் புரோட்டியோகிளைக்கனை (சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரதம்) போன்ற ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒன்பதாவதில் மட்டுமே. எம்75 அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறுகிய அமினோ அமில வரிசையைப் பிடிக்கிறது என்பதால், உறவுக்கார நொதிகளோடு அது குழம்புவதில்லை. ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகர நச்சுயிரியல் (வைரஸ்) ஆய்வாளர்கள் ஒரு மர்மத் தொற்றுக் காரணியைத் தேடியபோது கிடைத்த ஆன்டிபாடி இது என்பது சுவையான செய்தி. 'எம்என்' என்று 1992-இல் அவர்கள் விவரித்த புரதம் நச்சுயிரியுடையதன்று, செல்லுக்கே சொந்தமானது என்பது தெளிவானது. அது கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்பது பின்னரே தெரியவந்தது.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) எனக்கு இரண்டு பட்டைகள் தெரிகின்றன. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

இல்லை. ஒடுக்கிய, அதாவது புரதத்தின் டைசல்ஃபைடு (கந்தக–கந்தக) பிணைப்புகளை உடைத்த, மாதிரியில் 54, 58 கிலோடால்டன் அளவில் இரட்டைப் பட்டை வருவதே இயல்பு. அப்பிணைப்புகளை உடைக்காமல் ஓட்டினால், இவற்றைவிட மிகப் பெரிய பட்டையாகத் தெரியும்.

ஒரே ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்கள்). ஒரு வாரம் பட்டை தடிமனாகவும், மறுவாரம் ஏறக்குறைய இல்லாமலும் வருகிறது.

ஆன்டிபாடியைக் குறை சொல்லும் முன் செல்களின் நெருக்கத்தைப் பாருங்கள். ஆக்சிஜன் குறையும்போது நிலைபெறும் எச்ஐஎஃப்-1 என்னும் காரணிதான் இந்த மரபணுவை முடுக்கிவிடுகிறது. தட்டு நிறைய நெருக்கமாக வளர்ந்த ஹீலா செல்களில், இன்குபேட்டரில் போதிய ஆக்சிஜன் இருந்தாலும், இப்புரதம் கூடுகிறது. எனவே ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் செல்களை விதைத்து, ஒரே நேரத்தில் அறுவடை செய்யுங்கள்; 1 சதவீத ஆக்சிஜனில் ஒரு நாள் வைத்த தட்டு ஒன்றை நேர்மறைக் கட்டுப்பாடாக உடன் ஓட்டுங்கள்.

சுண்டெலியின் கட்டியில் பயன்படுத்தலாமா?

சுண்டெலியின் சொந்த நொதியை எம்75 அறியாது. அதனால்தான் சுண்டெலியில் பதியமிட்ட மனிதக் கட்டிகளில் இது பெரிதும் பயன்படுகிறது. மனிதச் செல்கள் மட்டுமே நிறமேறும். ஆயினும் எம்75-உம் சுண்டெலி ஆன்டிபாடியே ஆதலால், அதைக் காட்ட இடும் இரண்டாம் ஆன்டிபாடி, திசுவிலுள்ள சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் (இம்யூனோகுளோபுலின்) பிடித்துப் பின்னணியைக் கறைப்படுத்தும். முறையான தடுப்புப் படி இல்லாமல் அந்தப் படங்களை நம்ப வேண்டாம்.

இதே நொதியைப் பிடிக்கும் ஜி250 ஆன்டிபாடியை எம்75-க்கு மாற்றாகக் கொள்ளலாமா?

எல்லா வேலைக்கும் முடியாது. ஜி250 புரதத்தின் மடிந்த வடிவத்தை அடையாளம் காண்பது. உயிருள்ள செல்களுக்கும் உறைநிலைத் திசுவுக்கும் ஏற்றது, ஆனால் எஸ்டிஎஸ் என்னும் சலவைப்பொருளில் வடிவம் குலைந்த புரதத்தில் பயன்படாது. எம்75 பிடிப்பதோ நேர்வரிசை என்பதால், பிளாட்டிலும் பாரஃபின் மெழுகில் பதித்த திசு வெட்டுகளிலும் நன்கு வேலை செய்கிறது.

நிறமேறினால், அங்கே ஆக்சிஜன் குறைவு என்றும் நொதி இயங்குகிறது என்றும் எழுதலாமா?

இரண்டையும் அப்படியே எழுதக் கூடாது. தெளிசெல் சிறுநீரகப் புற்றுநோயில் எச்ஐஎஃப்-ஐச் சிதைக்க உதவும் விஎச்எல் மரபணு பழுதடைந்திருப்பதால், ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் எச்ஐஎஃப் சிதையாமல் நின்று இந்நொதியை உற்பத்தி செய்யவைக்கிறது. நலமான இரைப்பைச் சளிச்சவ்விலும் இது மிகுதியாக உண்டு. ஆக்சிஜன் திரும்பிய பிறகும் புரதம் உடனே மறைவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். இயக்கத்தைப் பொறுத்தவரை, எம்75 பற்றும் இடம் வினையூக்கப் பகுதிக்கு வெளியே இருப்பதால், அப்பகுதி சிதைந்த மாற்றுப் பிளவு வடிவமும் (அதே மரபணுவின் ஆர்என்ஏ வேறுவிதமாக வெட்டி ஒட்டப்பட்டு உருவாகும் புரதம்) அதே நிறத்தைத் தரக்கூடும். இயக்கம் தெரிய வேண்டுமெனில் கார்பன் டைஆக்சைடு நீரேற்றத்தைத் தனியே அளப்பதே வழி.