வாசகர் கேள்வி – பதில்: ‘ஒலிம்பியா’வில் எது போட்டி, எது மறுபடி நடித்தது?

சென்ற இதழில் ஒரு கேள்விக்கு விடை சொல்லும்போது, 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளை வைத்து ஜெர்மன் இயக்குநர் லெனி ரீஃபன்ஸ்டால் எடுத்த ‘ஒலிம்பியா’ என்ற ஆவணப்படத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். அதைத் தேடிப் பிடித்துப் பார்த்த வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். இம்முறை இந்தப் பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றி எடுக்கப்பட்ட முதல் படம் இதுதானா? (கும்பகோணம் வாசகர்)

இல்லை. 1912-இல் ஸ்டாக்ஹோமிலேயே கேமரா மைதானத்துக்குள் வந்துவிட்டது. அன்று எடுத்தவை தனித்தனிச் செய்திப்படத் துண்டுகளாகத் திரையரங்குகளுக்குப் போயின. அவற்றைச் சேர்த்துச் செப்பனிட்டு, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் ஒரே படமாக்கியது 2016-இல்தான். 1924 பாரிஸ் போட்டிகளுக்கும் 1928 ஆம்ஸ்டர்டாம் போட்டிகளுக்கும் நீளமான மௌனப் படங்கள் உண்டு.

பெர்லின் படத்தை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது முதலில் அதன் அளவு. படமாக்கப்பட்ட சுருள் சுமார் 4,00,000 மீட்டர். வழக்கமான வேகத்தில் இடைவிடாமல் ஓட்டினால் 240 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். திரைக்கு வந்ததோ இரண்டு பாகங்களும் சேர்ந்து மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். அதாவது, கிட்டத்தட்ட 65 மீட்டர் எடுத்து அதில் ஒரு மீட்டரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். போட்டிகள் முடிந்து 20 மாதங்கள் கழித்தே படம் வெளியானதில் வியப்பில்லை.

கேள்வி: கோலூன்றித் தாண்டும் இரவுக் காட்சி மெய்சிலிர்க்க வைத்தது. அது பிறகு நடிக்க வைத்து எடுத்தது என்று என் நண்பர் சொல்கிறார். ஆவணப்படத்தில் அப்படிச் செய்யலாமா? (திருநெல்வேலி, கல்லூரி மாணவி)

நண்பர் சொல்வது சரிதான். 1936 ஆகஸ்ட் 5 அன்று நடந்த அந்தப் போட்டி, பல மணி நேரம் நீண்டு இருட்டிய பிறகே முடிந்தது. அன்றைய படச்சுருளுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. ஆகவே, பின்னர் வேறோர் இரவில் அதே வீரர்களை மைதானத்துக்கு வரவழைத்து, விளக்குகளை ஏற்றி, மறுபடியும் தாண்டச் சொல்லி எடுத்தார்கள். கரிய வானத்தின் பின்னணியில் குறுக்குக் கம்பி மட்டும் பளிச்சென்று தெரிய, உடல் ஒன்று மேலெழுந்து வளைந்து கீழே விழும் அந்தக் காட்சியில் வீரர்கள் உண்மை, தாண்டுதலும் உண்மை. ஆனால் அந்தத் தாண்டுதலில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

படத்தில் இப்படிச் செய்தது இந்த ஓர் இடத்தில் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். தொடக்கத்தில் தீபம் ஏந்தி ஓடும் இளைஞர், கிரேக்கத்தில் உண்மையாகவே முதலில் தீபம் ஏந்தியவர் அல்லர். உண்மையான ஓட்டத்தைச் சுற்றி மோட்டார் வாகனங்களும் கூட்டமும் மொய்த்துக்கொண்டிருந்ததால், இயக்குநர் தமக்குப் பிடித்த முகவாகு கொண்ட வேறொருவரைத் தேர்ந்தெடுத்து ஓடவைத்துப் படமாக்கினார். படகுப் போட்டியில், துடுப்பு வலிப்பவர்களை உரக்க ஏவிக்கொண்டிருக்கும் படகோட்டியின் அண்மைக் காட்சிகள் பயிற்சியின்போது எடுத்தவை. நீரில் பாய்பவர்களின் புகழ்பெற்ற காட்சியில் சில துண்டுகள் பின்னோக்கி ஓட்டப்பட்டவை. அதனால்தான் அவர்கள் விழுகிறார்களா பறக்கிறார்களா என்று நமக்குப் பிடிபடுவதில்லை. காதில் விழும் மூச்சிரைப்பு, காலடியோசை, கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவற்றில் ஏறக்குறைய எல்லாமே பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் உண்டாக்கிச் சேர்த்தவை.

செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தால் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. இந்தப் படம் சொல்லவில்லை. போட்டியன்று எடுத்த துண்டையும் மற்றொரு நாள் எடுத்த துண்டையும் தையல் தெரியாமல் ஒட்டியிருப்பதுதான் அதன் திறமை. குறை என்றாலும் அதுவேதான்.

ஒன்று மட்டும் கூடுதலாக. அந்தப் போட்டியில் அமெரிக்காவின் எர்ல் மெடோஸ் 4.35 மீட்டர் தாண்டி வென்றார். ஜப்பானின் ஷுஹெய் நிஷிதாவும் சுயேவோ ஓயேவும் 4.25 மீட்டரில் சமமாக நின்று, தங்களுக்குள் மேற்கொண்டு மோத மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்பியதும் வெள்ளிப் பதக்கத்தையும் வெண்கலப் பதக்கத்தையும் நடுவே வெட்டி, பாதிக்குப் பாதி ஒட்டி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். ஓயே 1941-இல் போரில் மாண்டார். இவ்வளவு கதை அந்தத் தாண்டுதலுக்குள் இருக்கிறது. மறுபடி நடிக்க வைத்த காட்சியில் அதற்கு இடமில்லை.

கேள்வி: மாரத்தான் ஓடுபவர் தன் கால்களைத் தானே குனிந்து பார்ப்பதுபோல் வருகிறதே, அக்காலத்தில் எப்படி எடுத்தார்கள்? (கோவை வாசகர்)

சிறிய கேமராவைக் கம்பிக் கூடையில் வைத்து ஓட்டக்காரரின் கழுத்தில் தொங்கவிட்டார்கள். இதுவும் பயிற்சி ஓட்டத்தில்தான். அந்தச் சின்னக் கேமராவில் சில மீட்டர் சுருளே கொள்ளும் என்பதால், சில நொடிகளுக்கு மேல் ஓடாது. வானத்தைப் பின்னணியாக்கி வீரர்களைக் கீழிருந்து காட்டுவதற்காக மைதானத்தில் பள்ளம் தோண்டி ஒளிப்பதிவாளர்களை அதற்குள் இறக்கினார்கள். இதில் நடுவர்களுக்கும் இயக்குநருக்கும் ஓயாத சண்டை. நீருக்குள் எடுப்பதற்கு ஒளிப்பதிவாளர் ஹான்ஸ் எர்ட்ல் தனிக் கேமராவே அமைத்தார். பாய்பவரை மேலே பிடித்து, அவரோடு நீருக்குள் மூழ்கி, அதற்குள் குவியத்தையும் ஒளியளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆளில்லாத பலூன்களில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, கண்டெடுப்பவர்கள் திருப்பித் தரும்படி விளம்பரம் கொடுத்ததும் உண்டு. அதில் உருப்படியாகத் தேறியது கொஞ்சம்தான்.

மாரத்தானில் வென்ற சோன் கீ-சுங் கொரியர். அவர் நாடு ஜப்பானின் பிடியில் இருந்ததால், ஜப்பானியப் பெயரிலும் ஜப்பானியக் கொடியின் கீழும் ஓடினார். படமும் அவரை அப்படியே அறிவிக்கிறது. கொரிய நாளிதழ் ஒன்று அவரது மார்பிலிருந்த கொடியை அழித்துவிட்டுப் புகைப்படத்தை வெளியிட்டதற்காகப் பல மாதங்கள் முடக்கப்பட்டது. பரிசு மேடையில் அவர் தலை கவிழ்ந்து நிற்பதைக் களைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஜெஸ்ஸி ஓவன்ஸின் வெற்றிகளை ஹிட்லர் ஆட்சி படத்திலிருந்து வெட்டிவிட்டது என்று படித்திருக்கிறேன். உண்மையா? (யாழ்ப்பாணம் வாசகர்)

படத்தைப் பார்த்தாலே தெரியும், உண்மையில்லை. 100 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்கக் கறுப்பின வீரரான ஓவன்ஸ் 10.3 விநாடியில் வெல்வதும், நீளம் தாண்டுதலில் ஜெர்மனியின் லுட்ஸ் லாங்கோடு மோதி 8.06 மீட்டர் தாண்டுவதும் விரிவாகவே இருக்கின்றன. ஓடத் தொடங்குமுன் அவர் முகத்தில் கேமரா ஆசையோடு தங்குகிறது. பெண்களின் தொடர் ஓட்டத்தில் முன்னணியில் சென்ற ஜெர்மன் அணி கடைசிக் கைமாற்றத்தில் குச்சியைத் தவறவிடுவதும், அதைக் கண்டு ஹிட்லர் ஏமாற்றத்தில் தொடையைத் தட்டிக்கொள்வதும்கூட நீக்கப்படவில்லை.

நஞ்சு வேறோர் இடத்தில் இருக்கிறது. 800 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் ஜான் வுட்ரஃபும் கனடாவின் ஃபில் எட்வர்ட்ஸும் முன்னே வரும்போது, ஜெர்மன் மொழிப் பதிப்பின் வர்ணனையாளர், வெள்ளை இனத்தின் வலிமை மிக்கவர்களுக்கு எதிராக இரண்டு கறுப்பின ஓட்டக்காரர்கள் என்கிறார். காட்சி ஓர் ஓட்டப் பந்தயத்தைக் காட்டுகிறது. குரல் அதை இனங்களின் பந்தயம் ஆக்குகிறது. மொழிக்கு மொழி பதிப்புகள் வேறுபடுவதால், எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்பதைக் கவனிப்பது நல்லது.

கேள்வி: அரசு பிரச்சாரம் என்கிறார்கள்; எனக்கு விளையாட்டுத்தான் தெரிந்தது. என் பார்வையில் பிழையா? (மதுரை, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்)

பிழையில்லை, ஐயா, அப்படித் தெரிய வேண்டும் என்றே எடுக்கப்பட்டது. தயாரித்த நிறுவனம் ஜெர்மன் அரசின் பணத்தில், அரசின் பெயர் வெளியே தெரியாதிருப்பதற்காகவே தொடங்கப்பட்டது. 15 லட்சம் மார்க் ஒதுக்கியது பிரச்சார அமைச்சகம். படம் வெளியான 1938 ஏப்ரல் 20 ஹிட்லரின் பிறந்தநாள்.

ஆனாலும், பிரச்சாரத்தைப் படத்துக்குள் தேடுவதைவிட வெளியே தேடுவதே பயன் தரும். உயரம் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்த கிரெட்டல் பெர்க்மான் யூதர் என்பதால், போட்டிக்குச் சில நாள்களுக்கு முன் ஒரு கடிதத்தின் மூலம் அணியிலிருந்து விலக்கப்பட்டார். பெர்லினில் வாழ்ந்த, ‘ஜிப்சிகள்’ என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களை, விருந்தினர் கண்ணில் படாதிருக்கும்படி, 1936 ஜூலையில் நகரின் ஓரத்திலிருந்த மார்ட்சான் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். தொடக்கப் பகுதியைப் படம்பிடித்த வில்லி ஸீல்கேயின் கதை இன்னும் கசப்பானது. கிரேக்கச் சிலை மெல்லக் கரைந்து வட்டெறியும் வீரராக உயிர்பெறும் அந்தக் காட்சி, குறையற்ற உடலுக்குப் பாடிய துதி. படம் முடிவதற்கு முன்பே அவரை மனநலக் காப்பகத்தில் அடைத்து, குறையுள்ளவர் சந்ததி பெறக்கூடாது என்ற அரசின் சட்டப்படி கட்டாயக் கருத்தடை செய்தார்கள்.

கேள்வி: தியான் சந்த் வருகிறாரா? (திண்டுக்கல் வாசகர்)

இரண்டாம் பாகத்தில் ஹாக்கி வருகிறது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், தியான் சந்தின் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8–1 என்று தோற்கடித்தது. தடகளத்துக்கு வாரி வழங்கிய நேரத்தில் ஒரு சிறு பங்கைக்கூட ஹாக்கிக்குத் தரவில்லை என்பதால், அந்தப் பகுதியில் தேநீர் போட எழுந்து போய்விடாதீர்கள்.